ஒரகடத்து லாரிகளும் குளத்துப் பாசியும்

ஒரகடம் ஜங்ஷனில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. கண்டெய்னர் லாரி, புத்தம்புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிய டிரெய்லர், ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்... நிற்காத ஓட்டம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. இவ்வளவும் இங்கே ஏன் வந்தன என்று காமர்ஸ் மாணவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது துறைமுகம், நெடுஞ்சாலை, விமான நிலையம். நிலம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். உதிரிபாகம் நேரத்துக்கு வரவில்லை என்றால் அசெம்பிளி லைன் நின்றுவிடும். தொழிற்சாலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதை ஏக்கர் கணக்கைவிட வண்டிகளின் வேகமே முடிவு செய்கிறது.

இதே சாலைகளின் ஓரத்தில் ஏரிகள் இருக்கின்றன, மிச்சமிருக்கும் நெல்வயல்களும் இருக்கின்றன. லாரிகளைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் எல்லாம் அசையாமல் நிற்பது போலத் தெரியும். பயிர் சும்மா நிற்கிறது, பாசி சும்மா மிதக்கிறது. "மரம் மாதிரி நிக்கிறான்" என்று திட்டுவதே அதனால்தானே!

அந்தத் திட்டு எவ்வளவு தப்பு என்று கண்டுபிடிக்க மனிதர்களுக்கு இருநூறு வருடத்துக்கு மேல் ஆனது. செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சரக்குப் போக்குவரத்து நடக்கிறது. அதற்குத் தண்டவாளம் உண்டு, வண்டி உண்டு, எரிபொருளும் உண்டு. அந்த வண்டிகளுக்கு மோட்டார் புரதங்கள் என்று பெயர். செடி எவ்வளவு பெரிதாக வளரும் என்பதும் ஒரு பகுதி இவற்றின் வேகத்தைப் பொறுத்தது என்பதுதான் இந்தக் கதையில் கடைசியாகத் தெரிந்த சேதி.

கதை தொடங்குவது இத்தாலியில். பொனவெந்துரா கோர்ட்டி என்று ஒரு பாதிரியார், இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர். குளத்திலிருந்து காரா என்னும் பாசியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஒரு செல்லுக்குள் திரவம் ஒரு பக்கம் மேலே ஏறி, மறு பக்கம் கீழே இறங்கி, ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. 1774-ல் இதை எழுதி வெளியிட்டார். உலகம் அதை மறந்துவிட்டது. 1807-ல் ஜெர்மனியில் ட்ரெவிரானஸ் என்பவர் திரும்பவும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

காரா என்ன அப்படி விசேஷம்? அதன் கணுக்களுக்கு இடையே இருக்கும் ஒரே ஒரு செல் சில சென்டிமீட்டர் நீளம் இருக்கும், பத்து சென்டிமீட்டரைத் தொடுவதும் உண்டு. சாதாரணச் செல் கண்ணுக்கே தெரியாது, இது விரலால் எடுத்துத் தொங்கவிடும் அளவு. அதன் தம்பி முறை நிட்டெல்லாவும் இப்படித்தான்.

இந்த இடத்தில் தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. கோர்ட்டிக்குப் பின், ட்ரெவிரானஸுக்குச் சற்று முன், 1805-ல் பெர்லின் தாவரவியலாளர் வில்டெனோ ஒரு காரா இனத்துக்குப் பெயர் வைத்தார்: காரா ஜெய்லானிகா, அதாவது இலங்கைக் காரா. அந்தப் பெயரோடு சேர்த்து எழுதப்படும் இன்னொரு பெயர் க்ளைன். தரங்கம்பாடி மிஷனில் மருத்துவராக இருந்து, நம் பக்கத்துச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். ஆனால் காய வைத்து, காகிதத்தில் ஒட்டி, கப்பலில் அனுப்பிய பாசியில் எந்த ஓட்டமும் தெரியாது. ஓட்டத்தைப் பார்க்கப் பாசி உயிரோடு இருக்க வேண்டும். பெயர் கிடைத்தது, விஷயம் கிடைக்கவில்லை.

1818-ல் அமிச்சி என்ற இத்தாலியர் வந்தார். மைக்ராஸ்கோப் செய்வதில் மன்னன். காரா செல்லின் உட்சுவரை ஒட்டிப் பச்சையக் கணிகங்கள் மணிமாலை போல வரிசை வரிசையாக நிற்பதையும், திரவம் அந்த வரிசைகளின் போக்கிலேயே ஓடுவதையும் கவனித்தார். அப்போது வோல்ட்டாவின் மின்கலம் புதுசு. இந்தப் பச்சை வரிசைகள் குட்டி பாட்டரிகளாக இருந்து திரவத்தைத் தள்ளுகின்றன என்று நினைத்தார். பாட்டரி விஷயம் தப்பு. ஆனால் தள்ளும் இடம் அந்த வரிசைகள்தான் என்று அவர் கைகாட்டியது சரி. அதை நிரூபிக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது!

நடுவில் நடந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். 1831-ல் ராபர்ட் பிரவுன் (செல்லின் உட்கருவுக்குப் பெயர் வைத்த அதே ஆள்) ட்ராடஸ்கான்ஷியா பூவின் மெல்லிய மயிர்களில் இதே ஓட்டத்தைப் பார்த்தார். அதாவது இது பாசிக்கு மட்டும் உரிய வேடிக்கை இல்லை. 1868-ல் தாமஸ் ஹக்ஸ்லி எடின்பரோவில் பேசிய ஒரு புகழ்பெற்ற உரையில் காஞ்சொறி போன்ற ஒரு செடியின் மயிருக்குள் நடக்கும் ஓட்டத்தை விவரித்து, அதை ஒரு பெருநகரத்தின் இரைச்சலோடு ஒப்பிட்டார். உவமை எல்லாம் ஜோர். எது தள்ளுகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

ஏன் தள்ள வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். தண்ணீரில் விட்ட ஒரு சொட்டு மை தானாகப் பரவுவது போல, செல்லுக்குள்ளும் பொருட்கள் தானாகப் பரவும். ஆனால் பரவுதலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது: தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஒரு சாதாரணப் பாக்டீரியாவுக்குள் ஒரு புரதம் கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும். அதே புரதம் பத்து சென்டிமீட்டர் காரா செல்லில் சும்மா பரவிக்கொண்டு போனால், பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அந்தப் பாசியே அவ்வளவு நாள் இருக்காது. ஓட்டத்தில் ஏறிப் போனால்? ஒரு நொடிக்கு எழுபது மைக்ரோமீட்டர் வேகத்தில், சுமார் 24 நிமிடம். (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இன்வென்ட்டரி, லீட் டைம் என்றெல்லாம் படித்தவர்களுக்கு இதன் அர்த்தம் சட்டென்று புரியும்.

எது தள்ளுகிறது என்ற கேள்விக்கான துப்பு கடைசியில் செடியிலிருந்து வரவில்லை, தசையிலிருந்து வந்தது. ஹங்கேரியின் செகெட் நகரில் செண்ட்-ஜியார்ஜியின் கூடத்தில், 1940-களின் தொடக்கத்தில், தசை என்பது இரண்டு புரதங்களின் கூட்டு வேலை என்று தெரிந்தது. ஆக்டின் என்பது கயிறு. மயோசின் அதைப் பிடித்து இழுக்கும் கை. 1954-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, கயிறும் கையும் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவதால்தான் தசை சுருங்குகிறது என்று காட்டின. ஒரு குழுவில் இருந்த ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, செடி மயிரைப் பற்றிப் பேசிய அந்தத் தாமஸ் ஹக்ஸ்லியின் பேரன். தாத்தா கேட்ட கேள்விக்குப் பேரன் வேறு பாதையில் போய்ப் பாதி விடை எடுத்துவந்த மாதிரி ஆகிவிட்டது. :-)

மீதிப் பாதி ஜப்பானிலிருந்து வந்தது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் நொபுரோ காமியாவும் கியோகோ குரோதாவும் நிட்டெல்லா செல்லின் வெவ்வேறு ஆழத்தில் ஓட்டத்தின் வேகத்தை அளந்து, 1956-ல் வெளியிட்டார்கள். பம்ப் வைத்துத் தள்ளினால் குழாயில் தண்ணீர் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகும். இங்கே அப்படி இல்லை. ஓடும் பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஒரு கட்டியாக நகர்ந்தது. அப்படியானால் விசை பிறப்பது ஓரத்தில், அசையாத தோல் அடுக்கும் ஓடும் திரவமும் உரசும் எல்லையில். அமிச்சி கைகாட்டிய அதே இடம்.

அதன்பின் சடசடவென்று நடந்தது. 1966-ல் நாகாயும் ரெபூனும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்த எல்லையில் மெல்லிய இழைக் கட்டுகளைப் பார்த்தார்கள். 1974-ல் அவை ஆக்டின் என்று உறுதியானது. நம் கைத்தசையில் இருக்கும் அதே கயிறு, குளத்துப் பாசியில்! கயிறுகள் பச்சையக் கணிக வரிசைகளுக்கு அடியில், எல்லாம் ஒரே திசை பார்த்து ஓடுகின்றன. செல்லின் மறுபாதியில் எதிர்த்திசை. நடுவே ஓட்டமே இல்லாத ஒரு மெல்லிய பட்டை. டிவைடர் போட்ட இருவழிச் சாலை என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

வண்டி மயோசின். அது ஆக்டின் கயிற்றின் மேல் நடந்தபடி செல்லுக்குள் இருக்கும் சவ்வுப் பைகளை இழுத்துப் போகிறது. ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு அதற்கு டீசல். பைகள் நகரும்போது சுற்றியுள்ள திரவமும் சேர்ந்து இழுபடுகிறது. தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர்கள் சிலர்தான், ஆனால் மொத்தக் கூட்டமும் கூடவே நகர்ந்துவிடும் அல்லவா, அது மாதிரி. கோர்ட்டி பார்த்தது கூட்டத்தைத்தான். வடம் பிடித்தவர்களை அவரால் பார்த்திருக்க முடியாது.

இந்த வரலாற்றிலேயே ரசிக்க வேண்டிய சோதனை 1983-ல் நடந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்பூடிக், மைக்கேல் ஷீட்ஸ் இருவருக்கும் ஒரு பிரச்சினை. மயோசின் கயிற்றின் மேல் நடக்கிறது என்றால், உடம்புக்கு வெளியே நடக்க வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே திசையில் ஒழுங்காகப் போட்ட கயிறுகள் வேண்டும், அவற்றைச் சோதனைக்கூடத்தில் செய்ய அப்போது வழி தெரியவில்லை. நிட்டெல்லா ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது! அந்த நீளச் செல்லை அறுத்து, விரித்து, திரவத்தைக் கழுவிவிட்டு, ஒளிரும் நுண்மணிகளில் முயல் தசையின் மயோசினைப் பூசி மேலே விட்டார்கள். ஏ.டி.பி. இருந்தபோது மணிகள் பாசியின் கயிறுகளின் மேல் வரிசையாக நடந்தன. ஏ.டி.பி. இல்லையென்றால் நடை இல்லை. ரோடு செடியுடையது, வண்டி முயலுடையது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் பிரிந்துபோன இரண்டு உயிர்களின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன.

அப்போது ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்த ரான் வேல் இதைப் பார்த்துவிட்டு, நரம்புகளுக்குள்ளும் சரக்கு இப்படித்தான் போகிறதோ என்று யோசித்தார். அவரும் ஷீட்ஸும் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்துக்குப் போய்க் கணவாயின் தடித்த நரம்பில் தேடினார்கள். அங்கே கிடைத்தது மயோசின் இல்லை, நுண்குழல்கள் என்ற வேறு தண்டவாளத்தில் ஓடும் புதிய வண்டி. 1985-ல் அதற்குக் கினேசின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஏ.டி.பி.க்கு ஒரு அடி, ஒரு அடிக்கு 8 நானோமீட்டர். ஸ்பூடிக், ஷீட்ஸ், வேல் மூவருக்கும் 2012-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. மனித நரம்பு நோய்களைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கு எல்லோரும் சொல்லும் கினேசினுக்குப் போன வழி ஒரு பாசி வழியாகப் போனது. பாசிக்கு யாரும் விருது கொடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

நம் பக்கம் என்ன நடந்தது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) பாசி ஆராய்ச்சிக்கு ஒரு பரம்பரையையே உருவாக்கினார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 1962-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இந்தியக் காராக்களைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டது. எழுதியவர்கள் பால், குண்டு, சுந்தரலிங்கம், வெங்கட்ராமன். இதில் பி.பி. பால் யார் தெரியுமா? கோதுமை ரகங்களை உருவாக்கி, அதே கழகத்தின் முதல் தலைமை இயக்குநரான பெஞ்சமின் பியரி பால்தான். 1932-ல் அவர் எழுதிய கட்டுரை பர்மாவின் காராக்களைப் பற்றியது. எந்தக் குளத்தில் எந்தக் காரா என்ற கணக்கு இப்படிப் பக்காவாகக் கிடைத்தது. உள்ளே ஓடும் வண்டியைத் தேடும் வேலை வேறு ஊர்களில் நடந்தது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சமூகம் எதைச் சேகரிக்கிறது, எதைக் கேள்வியாக்குகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2000-ல் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறு செடியின் மரபணுத் தொகுப்பு முழுதாக வெளிவந்தபோது, செடிகளின் வண்டி ஷெட்டில் என்னென்ன நிற்கிறது என்று எண்ண முடிந்தது. மயோசினில் 17. அதில் 13 'பதினொன்றாம் வகை', இதுதான் ஓட்டத்தை நடத்துவது. கினேசினில் 61. மனிதனிடம் இருப்பதே 45 சொச்சம்! விலங்குகளிடம் இருக்கும் மூன்றாவது வண்டியான டைனின் மட்டும் பூக்கும் செடிகளிடம் இல்லை. நகராத ஒரு செடிக்கு நகரும் மனிதனைவிடக் கினேசின் வகைகள் அதிகம் என்பது முதலில் படிக்கும் யாரையும் கொஞ்சம் நிறுத்தும். (தொட்டாற்சிணுங்கி மூடுவதற்கு இதுதான் காரணமா என்று கேட்கலாம். அது முக்கியமாகச் செல்லுக்குள் இருக்கும் நீர் அழுத்தத்தின் வேலை.)

இனி அந்தக் கடைசிச் சேதி. 2010-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று அரபிடாப்சிஸில் நான்கு மயோசின்களை ஒன்றாக நிறுத்திப் பார்த்தது. செடி சாகவில்லை, குட்டையாகிவிட்டது. செல்கள் நீளவில்லை. சரி, வண்டியை எடுத்தால் வளர்ச்சி குறைகிறது. வேகமான வண்டியைப் போட்டால்?

2013-ல் ஜப்பானில் தோமினாகா குழு இதைத்தான் செய்தது. அரபிடாப்சிஸின் ஒரு மயோசினில் எஞ்சின் பகுதியை மட்டும் கழற்றி, காராவின் அதிவேக எஞ்சினை மாட்டினார்கள். இன்னொரு செடியில் மனித மயோசின் ஒன்றின் மெதுவான எஞ்சின். காரா எஞ்சின் போட்ட செடியில் ஓட்டம் வேகமானது, செல்கள் பெரிதாயின, செடியும் பெரிதானது. மனித எஞ்சின் போட்டது சின்னதாகிப் போனது. மண், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் ஒன்றுதான், மாறியது வண்டியின் வேகம் மட்டும். ஒரு செடியின் அளவுக்குப் போக்குவரத்தும் ஒரு உச்சவரம்பு என்று இதைவிட நேரடியாகக் காட்ட முடியாது.

காரா ஏன் இவ்வளவு வேகம்? அதற்கு வேறு வழியில்லை, அவ்வளவு நீளச் செல். 2022-ல் சிபா பல்கலைக்கழகத்தின் இதோ குழு, காரா ப்ரௌனி என்ற இனத்தின் ஒரு மயோசின் நொடிக்கு 73 மைக்ரோமீட்டர் ஓடுகிறது என்று அளந்தது. அறியப்பட்ட மயோசின்களிலேயே அதுதான் வேகமானது. மணிக்கு 26 சென்டிமீட்டர்தானா என்று சிரிக்கலாம். ஆனால் அது ஒரு நொடியில் தன் நீளத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு தூரம் போகிறது. ஒரகடம் சாலையில் எந்த லாரியாலும் அது முடியாது.

கினேசின்களின் வேலை வேறு மாதிரி. செல் பிரியும்போது நடுச்சுவருக்கான சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது, சுவருக்குப் பலம் கொடுப்பது இவற்றில் சில. இது நம் வயலுக்கே வந்துவிடும் விஷயம். நெல்லில் ஒரு கினேசின் பழுதானால் நெல்மணி நீளாமல் சின்னதாக, உருண்டையாகப் போகிறது என்று 2010-ல் தெரிந்தது. அதே வருடம் இன்னொரு கினேசின் பழுதான நெல்லின் தாள் தொட்டால் முறியும் அளவு பலமிழப்பதும் தெரிந்தது. மணியின் வடிவம், தாளின் பலம் என்று விவசாயி கையில் எடுத்துப் பார்க்கும் குணங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு வண்டி இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மோட்டார் தலையில் கட்டிவிடவும் கூடாது. செல்லுலோஸ் நூற்கும் எந்திரங்கள் நுண்குழல்களின் தடத்திலேயே நகர்வதை 2006-ல் நேரடியாகப் படம் பிடித்தார்கள். அவற்றை எந்த வண்டியும் இழுப்பதாகத் தெரியவில்லை. தாங்கள் நூற்கும் நூலின் உந்துதலிலேயே நகர்கின்றன என்பதுதான் இன்று ஏற்கப்பட்ட விளக்கம்.

காரா இன்றும் தமிழ்நாட்டுக் குளங்களிலும் நெல்வயல் தண்ணீரிலும் வளர்கிறது. அதற்கு வெயில் அடிவரை இறங்கும் தெளிந்த தண்ணீர் வேண்டும். சாக்கடையும் உரமும் சேர்ந்து கலங்கிய ஏரியில் முதலில் காணாமல் போகிறவற்றில் அதுவும் ஒன்று, அந்த இடத்தை ஆகாயத்தாமரை பிடித்துக்கொள்ளும். தொழிற்பேட்டைகளுக்கு நடுவே சிக்கிய ஏரிகளுக்கு இது பொருந்தும்.

காரா கிடைக்காவிட்டால் ஹைட்ரில்லா போதும், மீன் தொட்டி விற்கும் கடையில்கூடக் கிடைக்கும். ஒரு இளம் இலையைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்து, கல்லூரி லேபில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பில், நடு நரம்பை ஒட்டிய செல்களைப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. விளக்கின் வெளிச்சத்தில் இலை விழித்துக்கொண்டதும், பச்சைப் புள்ளிகள் ஒன்றின் பின் ஒன்றாக, செல்லின் ஓரமாகவே, ஒரே திசையில் போகத் தொடங்கும்.